கடையடைப்பு

போலாரம், செகந்திராபாத்
12 பிப்ரவரி 2024

அன்புள்ள சுந்தரிக்கு,

கர்த்தருடைய தயவால் நான் இங்கே சுகம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருக்கும். கடைப்பையன் கிரியை அனுப்பி வாங்கிக்கொள்.

நேற்று வீடியோவில் நாம் பேசிய லட்சணத்தை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. நான் வாயை அசைக்க, நீ அழ, நீ அழுவதைப் பார்த்து நானும் அழ, தங்கச்சி மகள் ஸ்வீட்டி, "நக்கோ மாமா, வேண்டாம், நக்கோ" என்று போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். இனி அந்தக் கூத்து வேண்டாம். டாக்டர்கள் தொண்டையை அறுத்துக் குரலை எடுத்துக்கொண்டார்களே தவிர, கையை விட்டுவைத்திருக்கிறார்கள். போனில் தமிழ் எழுத்தைத் தேடித் தேடி அடிக்க எனக்குப் பொறுமை இல்லை. கடிதம் எழுதுகிறேன். நீயும் எழுது.

பெர்சிஸ் நன்றாகவே கவனிக்கிறாள். அண்ணன் என்ற பயம் போய்விட்டது. கஞ்சி குடிக்காவிட்டால் அதட்டுகிறாள். மாப்பிள்ளை ஃபெலிக்ஸ் ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார். அடுத்த வாரம் புற்றுக்குக் கரண்டு வைக்கத் தொடங்குவார்களாம். அது முடிந்ததும் வந்துவிடுவேன். சித்திரை முகூர்த்தத்துக்கு நான் கடையில் இருக்க வேண்டும்.

அதுவரை ஒரே ஒரு காரியம். ஞாயிற்றுக்கிழமை தவிர ஒரு நாளும் கடையை அடைக்காதே. நமக்குப் பிள்ளை இல்லை. திசையன்விளையில் என் பேர் சொல்ல அந்தப் பாத்திரக்கடை ஒன்றுதான் இருக்கிறது. பஜாரில் கிதியோன் கடை அடைத்துக் கிடக்கிறது என்று ஒருத்தன் சொல்லக்கூடாது.

எதிர்க்கடைப் பெரியமனுஷன் லக்ஷ்மிநாராயணன் எப்படி இருக்கிறான்? நம்மிடம் தொழில் கற்றுக்கொண்டு நம் மூக்குக்கு நேரே பாத்திரக்கடை போட்டவன், இப்போது ரொம்பக் குஷியாக இருப்பான். விவரம் எழுது.

இரண்டு வேளையும் உன்னை நினைத்து ஜெபிக்கும்,
கிதியோன்


திசையன்விளை
25 பிப்ரவரி 2024

அன்பு அத்தானுக்கு ஜெயசுந்தரி எழுதிக்கொண்டது. எனக்கு இடுப்பைத் தவிர மற்றதெல்லாம் சுகம். தங்கள் புண் ஆறிவிட்டதா?

தபால்காரர் கடிதத்தைக் கடையிலேயே கொண்டுவந்து கொடுத்தார். கல்லாவில் உட்கார்ந்து படித்தேன். நீங்கள் நேரில் என்னிடம் இத்தனை பேச்சு சேர்ந்தாற்போல் பேசியதே இல்லை. உங்கள் குரலெல்லாம் கடைக்கு வருகிறவர்களுக்கே சரியாகப் போய்விட்டது. எனக்கு மிச்சம் கிடைத்தது, "சோறு போடு, நேரமாச்சு" என்பதுதான்.

கடை நன்றாக நடக்கிறது. பாத்திரத்தில் பெயர் வெட்டுவது கிரி. விலை சொல்வது நான். "அண்ணாச்சி சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்குமே, கடை வெறிச்சுனு இருக்கே" என்கிறார்கள். இருக்கட்டும், பாத்திரம் பார்க்கத்தானே வந்தீர்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் எதிரி கடையில் ஒலிபெருக்கி வைத்திருக்கிறார். பதிவு பண்ணின குரல் ஒன்று காலையிலிருந்து "வாங்க, வாங்க" என்று தொண்டைத் தண்ணீர் வற்றாமல் கத்துகிறது. என்னைப் பார்த்தால் அவர் தலையைக் குனிந்துகொள்கிறார். ஆனால் டீக்கடையில் கிரியைப் பிடித்து உங்களைப் பற்றி விசாரிக்கிறாராம். குஷியாக இருப்பதாகத் தெரியவில்லை.

நான் வந்து உங்களைப் பார்க்க வேண்டும். ஒரு வாரம் அடைத்தால் குடியா முழுகிவிடும்? ஒரு வார்த்தை எழுதுங்கள், புறப்பட்டு வருகிறேன்.

பெர்சிஸிடம் வீம்பு பண்ணாமல் கஞ்சியைக் குடியுங்கள்.
தங்கள் சுந்தரி


போலாரம்
5 ஏப்ரல் 2024

அன்புள்ள சுந்தரிக்கு,

ஈஸ்டர் வாழ்த்து. நீ சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன். நானும் சுகமே. கரண்டு வைத்து முடிந்தது. டாக்டருக்கு ரொம்பத் திருப்தி. கழுத்துத் தோல்தான் கரிப்பிடித்துணி மாதிரி ஆகிவிட்டது.

போன வாரம் மாப்பிள்ளை என்னைப் போவன்பள்ளி காய்கறி மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனார். லாரி, மூட்டை, கூச்சல். இந்தக் கூச்சலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! ஒரு கூடைத் தக்காளிக்கு விரலாலேயே பேரம் பேசினேன். விற்ற அம்மாள் தெலுங்கில் என்னைத் திட்டினாள். நான் தலையை ஆட்டிவிட்டு நடந்தேன். இரண்டு கடை தாண்டுவதற்குள் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டாள். "ஹவ், ஆமா மச்சான், வாயில்லாமலே இந்தப் போடு போடுறீங்க" என்றார் மாப்பிள்ளை.

எனக்குச் சைக்கிள் காலம் ஞாபகம் வந்தது. கேரியரில் எவர்சில்வரைக் கட்டிக்கொண்டு, பழைய பித்தளைக்கு மாற்றாகக் கொடுத்து, உடன்குடி, சாத்தான்குளம் என்று தெருத்தெருவாகக் கூவிய காலம். பெண் பார்க்க வந்த அன்று உன் அப்பா, "பையன் என்ன செய்யுதான்?" என்று கேட்டதற்கு, "சத்தம் போடுதான்" என்று உன் சித்தப்பா சொன்னது நினைவிருக்கிறதா? அந்தச் சத்தத்தில்தான் கடை வந்தது, வீடு வந்தது, நீயும் வந்தாய். இப்போது அது இல்லாமல் காலையில் எழுந்திருக்கும்போது நான் யார் என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. சரி, அதை விடு.

நீ வர வேண்டாம். முகூர்த்த நேரம். இங்கே வந்தால் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப்போகிறாய். அங்கே கடையைப் பார். அதுதான் எனக்கு மருந்து.

அன்புடன்,
கிதியோன்


திசையன்விளை
12 மே 2024

அன்பு அத்தானுக்கு,

எல்லாரும் சுகம். தாங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

சித்திரை முகூர்த்தமெல்லாம் முடிந்துவிட்டது. நீங்கள் வரவில்லை. டாக்டருக்குத் திருப்தி என்றால் உங்களை எதற்காக இன்னும் அங்கே வைத்திருக்கிறார் என்று கேட்டுச் சொல்லுங்கள். எனக்கும் திருப்தியாக இருக்கும்.

சீர்ப்பாத்திரம் நன்றாகப் போயிற்று. கிரிக்குக் கை வீங்கும் அளவுக்குப் பெயர் வெட்டும் வேலை. நீங்கள் கேட்டால் சந்தோஷப்படுவீர்கள் என்று எழுதுகிறேன். மற்றபடி, மாலையில் வீட்டுக்கு வந்து ஒருத்திக்குச் சோறு பொங்குவதுபோல் எரிச்சல் பிடித்த வேலை உலகத்தில் வேறு இல்லை.

பதில் போடுங்கள்.
சுந்தரி


போலாரம்
20 ஜூன் 2024

அன்புள்ள சுந்தரிக்கு,

நலம். நீ நலமா?

எழுத்துக் கோணலாக இருந்தால் பயப்படாதே. கை கொஞ்சம் நடுங்குகிறது. மழை தொடங்கிவிட்டதால் குளிர். வேறு ஒன்றுமில்லை.

ஒருதரம் வந்துவிட்டுப் போயேன். அவசரம் ஒன்றுமில்லை, சும்மாதான். கடை ஒரு வாரம் அடைத்திருந்தாலும் பரவாயில்லை. பெர்சிஸுக்குக் கருப்பட்டி கொண்டுவா.

கிதியோன்


திசையன்விளை
29 ஜூன் 2024

அன்பு அத்தானுக்கு,

சுகம், சுகம், சுகம். இடுப்பு வலி இருந்த இடம் தெரியவில்லை.

கடை அடைத்திருந்தாலும் பரவாயில்லை என்று எழுதினது நீங்கள்தானா என்று கையெழுத்தை இரண்டுதரம் பார்த்தேன். டிக்கெட் எடுத்துவிட்டேன். ஜூலை 12, வெள்ளிக்கிழமை மதியம் இங்கிருந்து பஸ், திருநெல்வேலியில் ரயில். கிரி தங்கச்சி கல்யாணம் அந்த வாரம்தான் வருகிறது. ஆகவே கடை அடைப்புத்தான். நான் வந்ததும் நீங்கள் வைதுகொள்ளலாம். வைவதற்குக் குரல் இல்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

கருப்பட்டி வாங்கியாயிற்று. உங்களுக்கு மெத்தென்று இரண்டு பனியன் வாங்கியிருக்கிறேன். வந்து பேசிக்கொள்வோம். நான் பேசுகிறேன், நீங்கள் கேளுங்கள். ஒரு மாறுதலுக்கு அப்படியும் நடக்கட்டும்.

தங்கள் சுந்தரி


திசையன்விளை
16 ஜூலை 2024

அன்பு அத்தானுக்கு,

நலம். உங்கள் நலத்தை எழுதவும்.

வர முடியவில்லை. டிக்கெட் சரியாகவில்லை. இடுப்பும் பிடித்துக்கொண்டது. போனில் பெர்சிஸிடம் சொன்னேன். கோபிக்க வேண்டாம்.

கடை திறந்திருக்கிறது. ஒரு நாளும் அடைக்க மாட்டேன். அதைப் பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம்.

ஜெயசுந்தரி


திசையன்விளை
14 ஆகஸ்ட் 2024

அன்பு அத்தானுக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. தபாலில் தவறியதா, நீங்கள் எழுதவில்லையா? போன் பண்ணினால் பெர்சிஸ், "தூங்குது மதினி" என்கிறாள். எந்நேரமும் தூங்குகிற ஆளா நீங்கள்?

கடை திறந்துதான் இருக்கிறது. ஒரு வரி எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

சுந்தரி


போலாரம்
27 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மதினிக்கு பெர்சிஸ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. உங்கள் உடம்பு சுகம்தானே? என் தமிழ் எழுத்து மோசமாக இருக்கும். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு எழுதியதே இல்லை. போனில் சொன்னால் அண்ணனுக்குக் கேட்டுவிடும் என்று எழுதுகிறேன்.

அண்ணன் உங்களிடம் பொய் சொல்லியிருக்கிறது. டாக்டருக்குத் திருப்தியும் இல்லை, ஒன்றும் இல்லை. ஜூன் மாதமே, நுரையீரலுக்குப் பரவிவிட்டது, இனி வைத்தியம் வேண்டாம், வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மதினிக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டது. அன்றைக்குத்தான் உங்களை வரச் சொல்லி எழுதியது.

நீங்கள் வருகிறீர்கள் என்று வியாழக்கிழமையே சவரம் பண்ணிக்கொண்டது. தொண்டை ஓட்டையை நீங்கள் பார்த்துப் பயந்துவிடக்கூடாதாம். என் வீட்டுக்காரருடைய மஃப்ளரை வாங்கிக் கட்டிக் கட்டிப் பார்த்தது. வெள்ளிக்கிழமை நீங்கள் போன் பண்ணினீர்கள். "அண்ணன் என்ன செய்யுது?" என்று கேட்டீர்கள். "இட்லி சாப்பிடுது" என்றேன். உடனே வைத்துவிட்டீர்கள். சாயங்காலம் வரவில்லை என்று சொன்னீர்கள். அண்ணன் மஃப்ளரை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டது. பேசுவதற்கு வைத்திருக்கும் சிலேட்டில், "அவளுக்குக் கடைதான் பெரிசு. நான்தான் சொல்லிக்கொடுத்தேன்" என்று எழுதியது. அதற்குப் பிறகு உங்கள் கடிதத்தை வாங்கித் தலையணைக்குக் கீழே வைக்கிறது, பிரிப்பதில்லை.

மதினி, கோபப்படாதீர்கள். எதற்கு இப்படிச் செய்தீர்கள்? ஒரு பாத்திரக்கடைக்காகவா?

உங்கள் பெர்சிஸ்


திசையன்விளை
3 செப்டம்பர் 2024

அன்புள்ள பெர்சிஸுக்கு,

நீயும் ஃபெலிக்ஸ் தம்பியும் ஸ்வீட்டியும் சுகமாயிருங்கள். என் சுகத்தைக் கேட்காதே.

உன் கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். நோயாளி மனுஷனிடம் இதைச் சொல்லக்கூடாது என்றுதான் மறைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் கடைக்குப் போய், ஜெபம் பண்ணி, ஷட்டரை இறக்கிப் பூட்டினேன். வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறப் பஜார் வழியாக வந்தால், தெருவில் ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை. நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். பஜாரில் வியாபாரி இறந்தால் எல்லாரும் அடைப்பார்கள். யாரோ பாவம் என்று நினைத்தேன். டீக்கடை வாசலில் நின்றவரிடம், "யாருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பையைப் பார்த்துவிட்டு, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

லக்ஷ்மிநாராயணன் ஓடி வந்தார். எங்களோடு பேச்சு வார்த்தை இல்லாத மனுஷன், தேம்பித் தேம்பி அழுகிறார். "அண்ணாச்சி போயிட்டாவளே அக்கா! எங்கிட்ட ஒரு வார்த்த பேசாமலே போயிட்டாவளே!" வியாபாரிகள் சங்கத்துக்காரர்கள் பின்னாலேயே மாலையோடு வருகிறார்கள்.

பெர்சிஸ், நான் நம்பிவிட்டேன். நீ எனக்குச் சொல்லப் பயந்துபோய் அவர்களுக்கு முதலில் போன் பண்ணியிருக்கிறாய் என்று நினைத்தேன். நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டேன். அழக்கூட வரவில்லை. யாரோ தண்ணீர் தெளித்தார்கள். அப்புறம்தான், "யார் சொன்னா?" என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு யாருமே சொல்லியிருக்கவில்லை. வேலை நாளில் கிதியோன் கடை பூட்டிக் கிடந்தது. ஆள் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். வேறு எதற்குப் பூட்டுவார்கள்? லக்ஷ்மிநாராயணன் அடைத்தார், அதைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அடுத்தவர். அவ்வளவுதான் நடந்தது.

அப்போதுதான் உனக்குப் போன் பண்ணினேன். இட்லி சாப்பிடுது என்றாய். அந்த இட்லிக்கு நான் காலத்துக்கும் கடன்பட்டிருக்கிறேன். எழுந்து போய்ப் பூட்டைத் திறந்து, ஷட்டரை மேலே தள்ளிவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு என்னால் எழுந்திருக்க முடியவில்லை. நான் அடைத்துவிட்டுப் போனால் உன் அண்ணன் செத்துப்போவார் என்று மனசு பிடித்துக்கொண்டது. படித்தவள், ஜெபிக்கிறவள், எனக்கு இப்படி ஒரு பயம் வரலாமா என்று என்னையே கேட்டேன். பயம் போகவில்லை. திறந்திருக்கிற வரைக்கும் அவர் இருப்பார் என்று திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கடைக்காக இல்லை பெர்சிஸ்.

நுரையீரல் விஷயத்தை இப்போது எழுதிவிட்டாய். நான் என்ன செய்ய? அவரிடம் சொல்லிவிடு. எல்லாவற்றையும் சொல். கோபமாகவே என்னை விட்டுப் போய்விடக்கூடாது.

உன் மதினி


போலாரம்
11 செப்டம்பர் 2024

அன்புள்ள சுந்தரிக்கு,

நான் சுகம். இந்தத்தரம் நிஜமாக.

பெர்சிஸ் உன் கடிதத்தை வாசித்தாள். நான் சிரித்தேன். சத்தம் வராததால் மூச்சு முட்டுகிறது என்று பயந்து ஸ்வீட்டி முதுகைத் தட்டினாள். உயிரோடு இருக்கும்போதே தன் கடையடைப்பைக் கேட்ட வியாபாரி என்னைத் தவிர யார்?

யார் யார் அடைத்தார்கள், எழுது. ஜவுளிக்கடைக்காரர் அடைத்தாரா? ஆடித் தள்ளுபடிக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஆயிற்றே. லக்ஷ்மிநாராயணன்தான் முதலில் அடைத்தான் என்பதைப் பெர்சிஸை மூன்றுதரம் வாசிக்கச் சொன்னேன். பயல் அழுதானா? என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்றா அழுதான்? நானும்தான் அவனிடம் பேசவில்லை. இனிமேல் நினைத்தாலும் முடியாது. அவனிடம் சொல், நீ நல்ல வியாபாரி என்று அண்ணாச்சி எழுதியிருக்கிறார் என்று.

நீ பயப்படாதே. அடைத்துவிட்டு வா. நான் போனால் அது கடையால் இல்லை. ஆனால் சீக்கிரம் வா.

உன் கிதியோன்


திசையன்விளை
28 அக்டோபர் 2024

அன்புள்ள பெர்சிஸுக்கு,

கர்த்தர் உங்களை ஆறுதல்படுத்துவாராக. வழுக்கி விழுந்து முறிந்த உன் கால் எப்படி இருக்கிறது? மாவுக்கட்டோடு வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீ அண்ணனை ஊருக்கு ஏற்றிய ஆம்புலன்ஸைப் பார்த்து நின்றது கண்ணிலேயே நிற்கிறது. அண்ணன் அடக்கத்துக்கு வர முடியாமல் போயிற்றே என்று அழுதாய். நீ பார்க்காததை எழுதுகிறேன்.

நான் போலாரத்துக்குப் புறப்பட்ட அன்று, சாவியை எதிர்க்கடையில் கொடுத்து, "அவிய இருக்காவ. நான் பாத்துட்டு வாரேன். கடைய அடைக்கேன், யாரும் தப்பா நெனச்சிராதீங்க" என்றேன். உன் அண்ணன் எழுதியதையும் சொன்னேன். லக்ஷ்மிநாராயணன் அந்தப்பக்கம் திரும்பிக்கொண்டார். "எதுக்கு அடைக்கணும்? கிரி இருக்கான், நான் இருக்கேன். நீங்க போங்கக்கா" என்றார். அதனால்தான் எனக்கு அங்கே உங்களோடு, அவரோடு, அத்தனை நாள் நிம்மதியாக இருக்க முடிந்தது. மஃப்ளரை நான்தான் அவிழ்த்தேன். அந்த ஓட்டையைப் பார்த்து நான் பயப்படவில்லை என்பதை அவர் பார்த்துவிட்டுத்தான் போனார். அது போதும்.

கடைசி வாரம் சிலேட்டில் அவர் எழுதியது உனக்குத் தெரியும். "அடைக்க வேண்டாம். ஒருதரம் அடைத்தாயிற்று. வியாபாரம் நடக்கிற பஜார் வழியாக என்னைக் கொண்டுபோங்கள்." போனில் சொன்னபோது லக்ஷ்மிநாராயணன், "அது மரியாத இல்லியே அக்கா" என்று மன்றாடினார். "அவிய கேட்டது அதுதான் தம்பி" என்றேன்.

கோயில் ஆராதனை முடிந்து வண்டி பஜாருக்குள் வந்தது. எல்லாக் கடையும் திறந்திருந்தது. விளக்கெல்லாம் எரிந்தது. ஆனால் பேரம் பேசுகிற சத்தம் இல்லை. வியாபாரிகள் அவரவர் படியில் இறங்கி நின்றார்கள். லக்ஷ்மிநாராயணன் யாருக்கோ விற்றுக்கொண்டிருந்த குடத்தைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்து நின்றார். நம் கடையில் கிரி பெயர் வெட்டும் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தான். நான் வண்டிக்குள்ளிருந்து நம் கடையைப் பார்த்தேன். திறந்த கடையைத் தாண்டி அவர் போய்விட்டார்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து நேரே கடைக்குப் போனேன். கிரியை வீட்டுக்கு அனுப்பினேன். லக்ஷ்மிநாராயணன் ஷட்டரில் கை வைக்க வந்தார். வேண்டாம் என்று நானே இழுத்து இறக்கினேன். பட்டப்பகல். பஜார் முழுக்கத் திறந்திருக்க, நம் கடை ஒன்றுதான் அடைத்திருந்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு அம்மாள் வந்தாள். மகள் கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்க வந்தவள். "என்னம்மா, கிதியோன் அண்ணாச்சி கட எந்நாளும் தொறந்திருக்குமே. யாருக்கு என்ன?" என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் கோயிலிலும் மற்றவர்கள்தான் அந்த வார்த்தையைச் சொன்னார்கள். நான் அதுவரை என் வாயால் சொல்லவே இல்லை, பெர்சிஸ்.

"எங்க வீட்டுக்காரவிய இறந்துட்டாவ தாயி" என்றேன். "எதிர்க்கடைக்குப் போங்க. நல்ல பாத்திரமாத் தருவாவ."

காலை ஊன்றி நடக்காதே. ஃபெலிக்ஸ் தம்பிக்கும் ஸ்வீட்டிக்கும் என் அன்பைச் சொல்.

உன் மதினி,
ஜெயசுந்தரி